காலை வரை பொறுக்கலாமா?

இந்த முறை வந்திருக்கும் கடிதங்கள் பலவும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. நேற்று வரை வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய நாய் திடீரென்று சுருண்டுவிட்டது, இப்போதே தூக்கிக்கொண்டு ஓடணுமா, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா? நாய்கள் வலியை வெளியே காட்டாமல் அடக்கிக்கொள்ளும் பிராணிகள், அதனால் அடையாளம் பார்க்க நாம்தான் பழக வேண்டும். கடிதங்களைச் சுருக்கி, பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் சீசருக்கு எட்டு வயது. ஒரு நாள் ராத்திரி நன்றாகச் சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் வாந்தி வருவதுபோல ஓங்கரிக்க ஆரம்பித்தான், ஆனால் நுரையும் எச்சிலும்தான் வந்தது. படுப்பான், எழுவான், மறுபடி நடப்பான். வயிறு உப்பியிருந்தது. அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். விடியற்காலையில் வண்டி பிடிப்பதற்குள் போய்விட்டான். என்ன ஆகியிருக்கும்? – வாசகி, திருச்சி

அம்மா, ராத்திரி முழுக்கக் கண்விழித்து அவன் பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள். இது அலட்சியத்தால் நடந்ததில்லை, அதை முதலில் மனதில் வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் இரைப்பை முறுக்கத்தைத்தான் காட்டுகின்றன. இந்த நோயை ஒரு முறையாவது கேள்விப்பட்டிராத எவரும் அதை அஜீரணம் என்றுதான் நினைப்பார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. மிட்டாய்த் தாளை இரண்டு முனையிலும் முறுக்கினால் எப்படியோ அப்படி, மேலே உணவுக்குழாயும் கீழே குடலுக்குப் போகும் வழியும் அடைபட்டுவிடும். அதனால்தான் வாந்தி எடுக்க எவ்வளவு முக்கினாலும் ஒன்றும் வெளியே வராது. ஊதிப்போன இரைப்பை வயிற்றில் உள்ள பெரிய ரத்தக் குழாய்களை அழுத்த, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் குறைந்து, ரத்த அழுத்தம் விழுந்து, நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. இரைப்பையின் சுவரும் ரத்தம் கிடைக்காமல் அழுக ஆரம்பிக்கும். இதெல்லாம் சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும்.

மற்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாந்தி எடுத்து, சாப்பிட்டது வெளியே வந்து, அப்புறம் தேறிவிடுகிற நாய் வேறு. ஓங்கரித்துக்கொண்டே இருந்தும் ஒன்றுமே வராமல், ஓரிடத்தில் நிற்காமல் தவித்து, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிற நாய் வேறு. இரண்டாவது வகைக்குக் காலை வரை நேரம் கிடையாது. வயிறு உப்பலாகத் தெரியவில்லை என்று காத்திருக்கவும் வேண்டாம், ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களில் இரைப்பை விலா எலும்புக்குள் மறைந்திருப்பதால் ஆரம்பத்தில் வெளியே தெரியாமல் போகலாம். ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் போன்ற பெரிய உடம்புக்காரர்களுக்கு, அதுவும் வயது ஏறியவற்றுக்கு, இது அதிகம் வருகிறது.

வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், அறுவை சிகிச்சை வசதி உள்ள இடமா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே முதலில் காற்றை வெளியேற்றி, ட்ரிப்ஸ் ஏற்றி, பிறகு வயிற்றைத் திறந்து இரைப்பையை நேராக்கி, மறுபடி திரும்பாதபடி வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைப்பார்கள். நேரத்தோடு போன நாய்களில் பிழைத்தவை நிறைய. பெரிய நாய் வளர்ப்பவர்கள் ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டவுடன் ஓடவிடாதீர்கள். இப்படிச் செய்தால் வரவே வராது என்று சொல்ல மாட்டேன், ஆபத்து குறையும்.

மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி. நேற்றிலிருந்து வாந்தி, பேதியில் ரத்தம், தாங்க முடியாத நாற்றம். பக்கத்து வீட்டு அண்ணன் புழு இருக்கும் என்று பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார். தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருக்கிறோம். – கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக. (இந்த மாதிரி நிலையில் தயவுசெய்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள், இதழ் அச்சாகி வரும்போது காலம் கடந்திருக்கும்.)

தடுப்பூசி முழுசாக முடியாத குட்டி, வாந்தி, ரத்தப் பேதி, சோர்வு எல்லாம் சேர்ந்தால் வேறு ஒன்று என்று நிரூபணம் ஆகும்வரை அது பார்வோ என்றுதான் நாங்கள் நினைப்போம். 1978 வாக்கில்தான் இந்த வைரஸ் நாய்களிடையே புதிதாகத் தலைகாட்டியது, கொஞ்ச காலத்திலேயே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. குடலின் உள்பூச்சையே உரித்துவிடும், வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றிப் போவதும், சிதைந்த குடல் வழியாக ரத்தத்தில் புகும் கிருமிகளும். அதனால் வாந்தி எடுக்கிற குட்டிக்கு வாயில் மருந்து ஊற்றிப் பயனில்லை. நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும், சில நாள் தொடர்ந்து ஏற்ற வேண்டியிருக்கும். குட்டிக்கு ஒரு ராத்திரி என்பது மிக நீளமான நேரம், ஆகவே எத்தனை மணியானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

நீர் வற்றியதை வீட்டிலேயே பார்க்கலாம். தோள்பட்டைக்கு மேலே தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள், சட்டென்று படிந்தால் சரி, மெதுவாக இறங்கினால் நீர் குறைந்திருக்கிறது. ஈறைத் தொட்டால் ஈரமில்லாமல் பிசுபிசுவென்று ஒட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஃபினாயிலை நம்பாதீர்கள். ப்ளீச்சிங் கரைசல் கேட்கும், அதுவும் அழுக்கைக் கழுவிவிட்டு ஊற்றினால்தான். நோய் வந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடிக்காத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவர வேண்டாம். ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். ஒன்று போட்டாயிற்றே என்று பல குட்டிகள் இதில்தான் போகின்றன.

சரி, வளர்ந்த நாய் ஒரு தடவை வாந்தி எடுத்தால்? எடுத்துவிட்டு வாலை ஆட்டுகிறது, தண்ணீர் குடித்தால் தங்குகிறது, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது என்றால் ஒரு வேளை சாப்பாட்டை நிறுத்தி, அப்புறம் குழைந்த சோறும் உப்பு காரம் இல்லாத வேகவைத்த கோழியும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம். தண்ணீர்கூடத் தங்கவில்லை, ரத்தம் வருகிறது, எழுந்திருக்க மறுக்கிறது என்றால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டு வயது லாப்ரடார் திடீரென்று விழுந்து கை கால் உதறியது, வாயில் நுரை, சிறுநீரும் போய்விட்டது. சாவிக்கொத்தை வாயில் வைக்கப் போய் என் தம்பிக்குக் கடி விழுந்தது. இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டது, இப்போது சாதாரணமாக இருக்கிறது. டாக்டரிடம் போகணுமா? – வாசகர், கோவை

போகணும், ஆனால் இரண்டு நிமிடத்தில் அடங்கித் தெளிந்துவிட்டதால் அந்த நள்ளிரவிலேயே ஓட வேண்டியதில்லை, மறுநாள் கூட்டிப்போகலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் வலிப்பு நிற்கவில்லை, அல்லது ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்துவிட்டது, அல்லது ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது ஆரம்பிக்கிறது என்றால் அது அவசரம். ஆகவே வலிப்பு வந்ததும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நமக்கே ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகத் தோன்றும்.

சாவி, இரும்பு, வெங்காயம் எதுவும் வேண்டாம். நாய் நாக்கை விழுங்காது. வாய்க்கு அருகே கையைக் கொண்டுபோகாமல், சுற்றிலும் இடிக்கிற பொருட்களை நகர்த்தி, விளக்கையும் சத்தத்தையும் குறைத்து, ஒருவர் செல்போனில் படம் எடுங்கள். அந்த வீடியோ மருத்துவருக்கு எந்த விவரிப்பையும்விட உதவும். தம்பியின் கடியைச் சோப்பு போட்டுக் கழுவி, அவரையும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அன்றைக்கு உண்ணிக்காக ஏதாவது மருந்து பூசினீர்களா? வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தோல் வழியாகவும், நக்குவதாலும் உள்ளே போய் எச்சில் ஒழுகி, தசை துடித்து, வலிப்பு வரும். அப்படியானால் உடனே சோப்பு நீரால் நன்றாகக் கழுவிவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே கிளம்புங்கள்.

எங்கள் பக் நாய் சில சமயம் கழுத்தை நீட்டி, மூக்கால் கர் கர் என்று மூச்சை உள்ளே இழுக்கிறது. மூச்சு அடைத்துச் செத்துவிடுமோ என்று பயம். – வாசகி, சென்னை

இதற்குக் காலை வரை பொறுக்கலாம். தலைகீழ்த் தும்மல் என்று சொல்வோம், அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் அதுவே நின்றுவிடும். முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் விளையாடப் போய்விட்டால் பயம் வேண்டாம், வீடியோ எடுத்து அடுத்த தடவை போகும்போது காட்டுங்கள்.

ஆனால் பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்குக் கத்திரி வெயிலில் வருவது வேறு. இடைவிடாமல் இளைத்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, கெட்டியான எச்சில் ஒழுகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றுப் பக்கமும் தொடை இடுக்கிலும் ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். நனைத்துக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள். தேறிவிட்டதுபோலத் தெரிந்தாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் சிறுநீரகமும் ரத்தம் உறைகிற தன்மையும் கெட்டுப்போவது பிறகுதான் தெரியும். நாக்கோ ஈறோ நீலமாக மாறினால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம்.

மூக்கு காய்ந்து சூடாக இருந்தால் காய்ச்சல்தானே? எங்கள் மணி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்தோம். – வாசகர், தஞ்சாவூர்

மூக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தூங்கி எழுந்த நாய்க்கும், வெயிலில் படுத்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். தெர்மாமீட்டரை வழவழப்பாக்கி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம்முடையதைவிட அதிகம். இதைத் தெரியாமல்தான் நல்ல நாய்க்கெல்லாம் காய்ச்சல் மாத்திரை போகிறது.

அந்த மாத்திரையை இனிமேல் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், பூனைக்கோ ஒரு மாத்திரையே எமன். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். கொடுத்த அளவையும் நேரத்தையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.

நம் ஊரில் சாப்பிடாமல் மந்தமாகக் கிடக்கிற நாய்க்கு முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் சந்தேகிக்க வேண்டும். காது மடலுக்குள், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டாலும் நோய் இருக்கலாம். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். பல நாட்டு நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிறிக் காகிதம் மாதிரி இருந்தாலும், மஞ்சளாக இருந்தாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலும் அன்றே போக வேண்டும். உண்ணியால் வரும் நோய்கள் ஒன்றுக்கு மேல் உண்டு, மருந்தும் வேறு வேறு, ரத்தப் பரிசோதனை செய்துதான் முடிவெடுப்பார்கள். போன தடவை எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து நீங்களே வாங்கிப் போடாதீர்கள்.

தோட்டத்தில் வைத்த எலி மருந்தைத் தின்றுவிட்டது. ஆனால் ஜம்மென்று ஓடியாடுகிறது. பால் கொடுத்தால் போதுமா? – வாசகர், பொள்ளாச்சி

போதாது, கொடுக்கவும் கூடாது. அறிகுறியே இல்லாமல் உடனே ஓட வேண்டிய நிலை இது. கட்டி வடிவில் வரும் எலி மருந்துகள் பல ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்று மூன்று நான்கு நாள் நாய் நன்றாக இருக்கும், அப்புறம் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து மூச்சு வாங்கி விழும். முன்பே போனால் வாந்தி எடுக்கவைத்து, வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அரிக்கும், பாலும் எண்ணெயும் அதை வேகமாக ரத்தத்தில் சேர்த்துவிடும். எந்த விஷம் என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறுவதால் கிழிந்த பொட்டலமாக இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி நீங்களே வாந்தி எடுக்கவைக்க வேண்டாம்.

ஆறு வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. பருவம் வந்து ஒன்றரை மாதம் இருக்கும். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சோறு வேண்டாம் என்கிறது. வெயில்தானே காரணம்? – வாசகி, ஈரோடு

வெயில் இல்லை என்றே நினைக்கிறேன். இந்த வயது, இந்த இடைவெளி, இந்தத் தாகம் மூன்றும் சேர்ந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். பின்பக்கம் சீழ் வடிந்தால் உடனே தெரிந்துவிடும், கருப்பை வாய் மூடியிருந்தால் ஒன்றும் வடியாது, அதுதான் அதிக ஆபத்து. இன்றைக்கே ஸ்கேன் பாருங்கள். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் தீர்வு.

நாங்கள் சோறு போடும் தெருநாய் வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக நிற்கிறது, விழுங்க முடியவில்லை, குரலும் மாறியிருக்கிறது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கையை விட்டு எடுத்துவிடலாமா? – வாசகர், விருதுநகர்

வேண்டவே வேண்டாம். எலும்பும் சிக்கியிருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்லும் எல்லாமே ரேபிஸிலும் வரும். வெறிபிடித்த நாய் என்றால் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்றுதான் நமக்குப் பழக்கம். கடிக்காமல், தாடை தொங்கி, ஒடுங்கிக் கிடக்கிற வகையும் உண்டு, பாசத்தில் வாயில் கையை விடுபவர்கள் மாட்டிக்கொள்வது அதில்தான். குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, நாயை நெருங்காமல் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் தகவல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே அதன் எச்சில் உங்கள் காயத்திலோ கண், வாயிலோ பட்டிருந்தால், ஒரு கீறல் விழுந்திருந்தாலும், பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு (கண், வாய் என்றால் வெறும் தண்ணீர் மட்டும்) இன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதருக்கும் சரி நாய்க்கும் சரி, காப்பாற்ற வழி கிடையாது, அதற்கு முன்னால் போட்டுக்கொண்டால் தப்பிவிடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் ஊரில் எந்த நாய் டாக்டரும் கிடையாது. என்ன செய்வது? – வாசகர், கரூர்

உங்கள் கவலை நியாயமானது, சென்னைக்கு வெளியே இருக்கும் பலருடைய நிலையும் இதுதான். நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் உட்கார்ந்து விசாரித்து வையுங்கள். உங்கள் மருத்துவர் ராத்திரியில் போன் எடுப்பாரா, எடுக்காவிட்டால் யாரை அழைக்கச் சொல்கிறார், அறுவை சிகிச்சைக்கு எங்கே அனுப்புவார்? கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் பெரிய துணை. 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரி போல நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் இருக்கின்றன, உங்களுக்கு நாமக்கல் பக்கம். எந்த நேரம் வரை பார்ப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 1962 எண்ணில் வரும் நடமாடும் ஊர்தி முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது, அதை நம்பி ராத்திரியில் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது தடுப்பூசி அட்டை, எடுத்த வீடியோ, கொடுத்த மருந்தின் அட்டை, வாந்தி அல்லது மலத்தின் போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். எடை தெரிந்திருந்தால் மருந்தளவைச் சட்டென்று கணக்கிடலாம். பெரிய நாயைத் தூக்க ஒரு கெட்டிப் போர்வை போதும், இரண்டு பேர் நான்கு முனையையும் பிடித்துக்கொள்ளலாம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் மெல்லிய துணியால் வாயைக் கட்டலாம், ஆனால் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் கட்டக் கூடாது.